வளவில் கடல்: ஒரு நாட்டிய நிகழ்ச்சியின் ஆய்வு

செட்டிநாட்டில் கடல் கிடையாது. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போய், அங்கிருந்து தொண்டி ரோட்டைப் பிடித்தால்தான் உப்புக்காற்று முகத்தில் படும். ஊரைச் சுற்றி இருப்பதெல்லாம் செம்மண்ணும் சீமைக்கருவையும் கண்மாயும் ஊருணியும்தான். இந்த நிலத்தில் கடலையும் காலநிலை மாற்றத்தையும் வைத்து ஒரு முழுமாலை நாட்டியம், அதுவும் பாட்டும் பக்கவாத்தியமும் நேரில் வாசிக்கப்படும் நாட்டியம் என்றதும், "ஏன், ராமேஸ்வரத்துல போடலாமே?" என்று கேட்காதவர்கள் இல்லை.

காரைக்குடிப் பக்கத்து நாட்டியப் பள்ளி ஒன்று தயாரித்த அந்த நிகழ்ச்சியைப் பற்றியது இந்த ஆய்வு. கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் உள்ள ஒரு பழைய நகரத்தார் வீட்டின் வளவில், அதாவது நடுமுற்றத்தில், பங்குனி மாத மாலை ஒன்றில் நடந்தது. மேடை ஒழுங்கும் ஆட்களைக் கூட்டிச் சேர்ப்பதும் என் பொறுப்பு. அதனால் முதல் பேச்சிலிருந்து கடைசி விளக்கை அணைக்கும்வரை கூடவே இருந்தேன். வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டபடி வீட்டின் பெயரையும் கலைஞர்கள் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலநிலைத் தகவலைப் பாட்டு வரியில் வைத்தபோது அது யாருக்கும் ஏறவில்லை. அதே தகவலைத் தாளத்தில், ஆடும் இடத்தில், ஒரு ஸ்வரத்தில் வைத்தபோது ஏறியது. புள்ளிவிவரம் ஒன்றுகூடச் சொல்லப்படாத இடங்களில்தான் மக்கள் அறிவியல் கேள்வி கேட்டார்கள். இது எப்படி நடந்தது, எங்கே நடக்கவில்லை என்பதே மீதிக் கதை.

ஏன் இந்த வீடு

சபா மண்டபம் ஒன்று கிடைத்திருக்கும். ஒலிபெருக்கி, குளிர்சாதனம், திரை எல்லாம் அங்கே தயாராக இருந்தன. வளவில் ஆட வேண்டும் என்று நாட்டியப் பள்ளி டீச்சர் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் கூரையில்லாத அந்த நடுமுற்றம். செட்டிநாட்டு வீட்டின் ஓட்டுக்கூரை நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரிந்து, பெய்கிற மழை முழுவதையும் முற்றத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். மூலையில் அண்டா வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். மிஞ்சியது வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். தண்ணீரை இவ்வளவு கணக்காக எண்ணிக் கட்டிய வீட்டில் தண்ணீரைப் பற்றி ஆடுவது பொருத்தம் என்பது அவர் வாதம்.

எனக்குத் தோன்றிய காரணம் வேறு. இந்த வீடுகளே கடல் கொடுத்தவை. பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்கள் சம்பாதித்த பணம் அது. முகப்புத் தூண் பர்மாத் தேக்கு, தரைப் பளிங்கு இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம் என்று பாதி வீடு கப்பலில் வந்து இறங்கியது. அந்தக் கப்பல்கள் நிலக்கரியை எரித்துத்தான் ஓடின என்பதையும் யோசித்துப் பார்க்கலாம். வீட்டுக்காரர்களிடம் அதைச் சொன்னபோது சிரித்தார்கள், கோபப்படவில்லை.

இன்னொரு கதையும் பேச்சில் வந்தது. நகரத்தார் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கடல் கொண்டதால் வந்தார்கள், அந்தப் பயத்தில்தான் வீட்டின் அடித்தளத்தை இவ்வளவு உயரமாக எழுப்பினார்கள் என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்வதும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. நாட்டியத்துக்கு அல்வா மாதிரியான கதை. ஆனால் அதைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவானது. இன்றைக்கு நடக்கிற ஒன்றைச் சொல்லப் போய், பழைய பெருமையைப் பேசிவிட்டு வருகிற ஆபத்து அதில் இருந்தது.

வளவில் ஆடுவதன் கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். கருங்கல் தரை முட்டியைப் பதம் பார்க்கும். குதித்து மெட்டுகிற அடவுகளைப் பாதியாகக் குறைத்து, சறுக்கல் அடவுகளைக் கூட்டினார்கள். பகல் வெயிலைக் குடித்த கல் மாலை ஐந்து மணிக்கும் சுட்டது. தண்ணீர் தெளித்து, துடைத்து, மறுபடி தெளித்தோம். முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர் கண்ணாடிபோல் ஒலியைத் திருப்பி அடித்தது. மிருதங்கம் ஒன்று வாசித்தால் இரண்டு கேட்டது. சுற்றிலும் ஜமுக்காளம் தொங்கவிட்ட பிறகு கொஞ்சம் அடங்கியது.

முதல் வரைவு

முதலில் எழுதப்பட்டது ஒரு வர்ணம். தமிழாசிரியர் ஒருவர் நல்ல இலக்கணத்தோடு எழுதித் தந்தார். பூமியில் கூடுதலாகச் சேர்ந்த வெப்பத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொண்டது என்பது பல்லவி. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையில் சுமார் 1 டிகிரி செல்சியஸ் சூடேறியது என்பது அனுபல்லவி. இரண்டும் சரியான தகவல். இரண்டையும் பாட முடிந்தது. ஆடத்தான் முடியவில்லை.

"விழுக்காடுக்கு நான் என்ன முத்திரை பிடிக்கிறது, டீச்சர்?" என்று மூத்த மாணவி கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். டீச்சர் கொஞ்ச நேரம் கையை வைத்துப் பார்த்தார். பத்து விரலை விரித்து ஒன்றை மடக்கிக் காட்டினால் ஒன்பது வருகிறது, சரி. அது கணக்கு வகுப்பு ஆகிவிடுகிறது. ஒத்திகை பார்க்க வந்த பெற்றோர்கள் அடக்கமாகக் கைதட்டினார்கள். என்ன புரிந்தது என்று கேட்டதற்கு, "கடலைக் காப்பாத்தணும்" என்றார்கள். அதைத் தெரிந்துகொள்ள வர்ணம் தேவையில்லை, ஆட்டோவின் பின்னால் எழுதியிருப்பதே போதும்.

அந்த வர்ணம் கைவிடப்பட்டது. தமிழாசிரியருக்கு வருத்தம்தான்.

இரண்டு, மூன்று, ஆறு

திருப்பம் மிருதங்கக்காரரிடமிருந்து வந்தது. கடலியல் படித்த ஒரு தம்பி எண்களைச் சரிபார்க்க வந்துபோய்க்கொண்டிருந்தார். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இருப்பதால் இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் கிடைக்கிறார்கள். ஐபிசிசி எனப்படும் ஐ.நா. காலநிலைக் குழுவின் 2021 அறிக்கையிலிருந்து மூன்று எண்களை அவர் பலகையில் எழுதினார். உலகக் கடல்மட்டம் 1901 முதல் 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது. 1971 முதல் 2006 வரை 1.9. 2006 முதல் 2018 வரை 3.7.

மிருதங்க அண்ணன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது ரெண்டு, மூணு, ஆறுல்ல?" என்றார். தம்பிக்குப் புரியவில்லை. அண்ணன் தொடையில் தட்டிக் காட்டினார். ஓர் அட்சரத்துக்குள், அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்குள், 'தக' என்று இரண்டு. அதே அட்சரத்துக்குள் 'தகிட' என்று மூன்று. அதே அட்சரத்துக்குள் 'தகிட தகிட' என்று ஆறு. 1.3ஐ ஒன்றரை மடங்காக்கினால் 1.95. மூன்று மடங்காக்கினால் 3.9. அறிக்கையின் எண்ணுக்கும் இதற்கும் இடையில் உள்ள வித்தியாசம், அந்த அளவீட்டிலேயே இருக்கிற ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடும் என்று தம்பி ஒப்புக்கொண்டார்.

அடுத்தது கால அளவு. எழுபது ஆண்டு, முப்பத்தைந்து ஆண்டு, பன்னிரண்டு ஆண்டு. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, ஏறக்குறைய ஆறு ஆண்டு என்று வைத்தால் பன்னிரண்டு ஆவர்த்தனம், ஆறு ஆவர்த்தனம், இரண்டு ஆவர்த்தனம். இப்படியாக ஒரு ஜதி, வெறும் தாளச் சொற்கட்டு, பிறந்தது. பாட்டு இல்லை, கதை இல்லை. நட்டுவனாரின் தாளம் கடைசிவரை ஒரே வேகம். நடை, அதாவது ஓர் அட்சரத்துக்குள் விழும் தட்டுகளின் எண்ணிக்கை, மட்டும் மாறும்.

இதில் நடந்த வாக்குவாதத்தைப் பதிவு செய்வது முக்கியம். பன்னிரண்டு ஆவர்த்தனம் 'தக தக' என்று ஒரே தட்டடவு பார்ப்பவருக்குச் சலிப்பு, நான்காகக் குறைக்கலாம் என்றார் டீச்சர். மேடை நிகழ்ச்சி தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். அண்ணன் மறுத்தார். "சலிக்கட்டும் டீச்சர். எழுபது வருஷம் யாருக்கும் ஒண்ணும் தெரியாமத்தானே இருந்துச்சு?" அவர் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. நிகழ்ச்சியன்று எட்டாவது ஆவர்த்தனத்தில் பார்வையாளர்கள் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள். 'தகிட' வந்ததை நிறையப் பேர் கவனிக்கவே இல்லை. ஆறு வந்தபோது பேச்சு நின்றது. எது மாறியது என்று தெரியாமல் தலையைத் திருப்பினார்கள். ஆடுகிறவர்களின் கால் சலங்கை தனித்தனியாகக் கேட்காமல் ஒரே இரைச்சலாக ஆகியிருந்தது.

இரண்டே ஆவர்த்தனம். அப்புறம் ஜதி நின்றுவிடும், தீர்மானம் கிடையாது. ஜதி என்றால் மூன்று முறை சொல்லிக் கோர்வை கட்டி, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து இறங்க வேண்டும். இது கையெடுத்தது எடுத்தபடி பாதியில் நிற்கும். எண்கள் 2018 வரைதானே இருக்கின்றன என்றார் அண்ணன். இந்த இடம் இசைக்காரர்களுக்கே ஒத்துவரவில்லை. ஒத்திகையில் வயலின்காரர் ஒவ்வொரு முறையும் தன்னை அறியாமல் ஒரு ஷட்ஜம் போட்டு முடித்துவைப்பார். மிருதங்கம் அவரைத் திரும்பிப் பார்க்கும்.

ஆச்சி காலை மடக்கிக்கொண்டார்

கடல்மட்டம் ஏன் உயர்கிறது என்றால் பெரும்பாலோர் பனி உருகுவதைச் சொல்வார்கள். அது பாதிக்கதை. சூடானால் நீர் விரியும். 1971க்கும் 2018க்கும் இடையில் நடந்த உயர்வில் சுமார் பாதி இப்படிக் கடல் தானே விரிந்ததால் வந்தது. மலைப் பனியாறுகளும் கிரீன்லாந்து, அன்டார்க்டிகா பனிப்பாளங்களும் கரைந்து சேர்ந்ததில் மீதியில் பெரும்பகுதி.

இதை டீச்சர் அமைத்த விதம் இந்த நிகழ்ச்சியின் மிக எளிய யோசனை. ஐந்து பெண்கள் முற்றத்தின் நடுவில் தோளோடு தோள் உரச அரைமண்டியில் ஆடத் தொடங்குவார்கள். புதிதாக யாரும் வரமாட்டார்கள். அடவின் வீச்சு மட்டும் கூடும். முழங்கை மடங்கியிருந்த கை நீளும், கால் ஒரு சாண் தள்ளி விழும், இடைவெளி பெருகும். ஆட்கள் அதே ஐந்து பேர்தான், இடம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும். பிறகுதான் இரண்டாம் கட்டிலிருந்து வெள்ளைத் துணி கட்டிய மூன்று பேர் வந்து சேர்வார்கள்.

பார்வையாளர்கள் முற்றத்தின் விளிம்பிலேயே கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி கேட்டவர்களுக்குப் பட்டாலைத் திண்ணையில் இடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களை வேண்டுமென்றே அங்கே உட்காரவைத்தோம். ஆட்டம் விரிந்து விரிந்து அவர்கள் காலருகே வந்தது. முன்வரிசையில் இருந்த வீட்டுப் பெரிய ஆச்சி நகரவில்லை. பெண்ணின் பாதம் அவர் பாதத்துக்கு நாலு விரல் தூரத்தில் விழுகிறது. அவர் தன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார்.

நட்டுவாங்கம் செய்த டீச்சர் இதைக் கவனித்தார். மேலே போகாமல் அந்த ஆவர்த்தனத்தையே திருப்பிச் சொன்னார். மறுபடியும் அதே. பாடகி புரிந்துகொண்டு ஒரே வரியைச் சுற்றிச்சுற்றி வந்தார். அந்தப் பெண் அதே இடத்தில் அதே அடவை அழுத்தி வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஆச்சி காலை மடக்கிக்கொண்டு, கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். பின்னால் இருந்தவர் நகர்ந்தார். அந்தப் பக்க வரிசை முழுவதும் தூணோடு ஒட்டியது. அப்போதுதான் டீச்சர் அடுத்த ஆவர்த்தனத்துக்குப் போனார்.

நேரடி இசை எதற்கு, பாட்டைப் பதிவு செய்து போட்டால் செலவு மிச்சம்தானே என்று கேட்டவர்களுக்கு இந்த ஒரு இடத்தைக் காட்டினால் போதும். பதிவு செய்த பாட்டு ஆச்சிக்காகக் காத்திருக்காது. சலங்கை பூஜைக்கும் போட்டிக்கும் பென் டிரைவில் பாட்டைக் கொண்டுபோய் ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு இது புதிய அனுபவம். இசை தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று ஒருத்தி சொன்னாள்.

கிண்ணத்தில் ஏறிய நீர்

ஜலதரங்கம் வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே பேச்சு. கடலைப் பற்றிய நிகழ்ச்சியில் நீர் வாத்தியம் என்ற அலங்கார நினைப்பில்தான் ஆரம்பித்தது. வாசிக்கிறவர் வந்து பீங்கான் கிண்ணங்களை அரைவட்டமாக அடுக்கி, கரண்டியால் நீர் விட்டுச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்ததை எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். கிண்ணத்தில் நீர் கூடினால் ஸ்வரம் இறங்கும், குறைந்தால் ஏறும். நீரின் பாரம் கிண்ணத்தின் சுவர் அதிர்வதை மந்தமாக்குகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். அவர் மோகனம் வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பிள்ளை கேட்டது: "மாமா, வாசிக்கிறப்பவே தண்ணி ஊத்துனா என்ன ஆகும்?"

அதையே வைத்துக்கொண்டோம்.

மோகனத்தில் ஐந்து ஸ்வரம். அதில் காந்தாரம் அந்தர காந்தாரம். அதை மட்டும் அரை ஸ்வரம் இறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால், மற்ற நான்கும் அப்படியே இருக்க, ராகம் சிவரஞ்சனி ஆகிவிடும். ராகப் பெயர் தெரியாதவர்களுக்கும் இந்த இரண்டின் வித்தியாசம் தெரியும். சினிமாப் பாட்டில் மங்களகரமான இடத்துக்கு ஒன்று, கண்ணைக் கசக்கும் இடத்துக்கு இன்னொன்று என்று கேட்டுக் கேட்டுக் காது பழகியிருக்கிறது.

காந்தாரத்துக்கு மட்டும் பெரிய, மெல்லிய சுவருள்ள கிண்ணங்கள் வேண்டியிருந்தன. மத்திய ஸ்தாயிக்கு ஒன்று, அதற்கு மேலுள்ள தார ஸ்தாயிக்கு ஒன்று. வாசிப்பவரிடம் இருந்தவை போதவில்லை. வீட்டு அலமாரியில் இருந்த பழைய பீங்கான்களை ஆச்சி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். "வெளிநாட்டுலருந்து வந்தது. பாத்து வாசிக்கச் சொல்லுங்க, ஒடைச்சுப்புடாதீக." தட்டிப் பார்த்ததில் இரண்டு தேறின. உள்பக்கத்தில் பென்சிலால் இரண்டு கோடு: நீர் எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று.

நிகழ்ச்சியில் ஒரு சிறுமி செம்போடு வந்து ஜலதரங்கத்தின் அருகில் மண்டியிடுவாள். மோகனம் நடந்துகொண்டிருக்கும். அவள் அந்த இரண்டு கிண்ணங்களில் மட்டும் மெல்லிய தாரையாக நீரை விடுவாள். இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்தர காந்தாரத்திலிருந்து கிளம்பிச் சாதாரண காந்தாரத்துக்கு வந்து சேரும்வரை நடுவில் உள்ள நேரம் எதிலும் சேராது. வயலின் அந்த ஸ்வரத்தைத் தொட்டால் கிண்ணத்தோடு மோதும். வயலின்காரர் கண்டுபிடித்த வழி, அந்த நேரம் முழுவதும் காந்தாரத்தையே விட்டுவிடுவது. ஷட்ஜம், ரிஷபம், பஞ்சமம், தைவதம் என்று சுற்றிப் போவார். அந்த ஓட்டை இருக்கும் இடத்தில் கிண்ணம் மட்டும், பெயரில்லாத ஒரு ஸ்வரத்தில், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கீழே ஒலிக்கும். நீர் இரண்டாம் கோட்டைத் தொட்டதும் வயலின் காந்தாரத்தை மறுபடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் ராகம் மாறிவிட்டிருக்கும்.

யாரும் எதையும் அறிவிக்கவில்லை. அறிமுக உரையில் இதைச் சொல்லலாமா என்று பேசி, வேண்டாம் என்று விட்டோம். நீர் ஏறிக்கொண்டிருந்தபோது வளவில் இருமல்கூட இல்லை. ஜலதரங்கத்துக்காக மின்விசிறிகளை நிறுத்தியிருந்தோம், காற்று பட்டால் நீர் அலைந்து ஒலி நடுங்கும் என்பதற்காக. பங்குனிப் புழுக்கத்தில் எல்லோர் கழுத்திலும் வேர்வை ஓடியது. அதுவரை விசிறியைப் போடச் சொல்லி முணுமுணுத்தவர்கள்கூட அந்தக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் ஜலதரங்கத்தைச் சுற்றித்தான் கூட்டம். ஒரு பெரியவர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊத்துனது இவ்வளவுதானா?" என்றார். கடலியல் தம்பிக்கு வேண்டிய கேள்வி அது. 1901இலிருந்து 2018 வரை உலகக் கடல்மட்டம் உயர்ந்தது 20 சென்டிமீட்டர்தான் என்று அவர் அங்கேயே ஆரம்பித்தார். பாட்டு வரியாக வைத்திருந்தால் கேட்டிருக்காத எண்ணைப் பத்துப் பதினைந்து பேர் நின்று கேட்டார்கள்.

பவளம்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகள் நமக்குப் பக்கத்தில் இருப்பவை. 2010இலும் 2016இலும் அங்கே பெரிய அளவில் பவளம் வெளிறியது. பவளம் ஒரு பிராணி. அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி சமைத்துத் தருவதைத்தான் பெரும்பாலும் சாப்பிடுகிறது. நிறமும் அந்தப் பாசியால்தான். வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி அது சில வாரம் நீடித்தாலே பாசி வெளியேறிவிடும். வெளிறிய பவளம் உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கும்.

இதற்கு இசையில் செய்தது கிரகபேதம், அதாவது ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்து இன்னொரு ராகத்துக்குப் போவது. மோகனத்தின் காந்தாரத்தையே ஷட்ஜமாக வைத்து ஹிந்தோளத்துக்குப் போனார்கள். அற்புதமாகப் பாடினார் பாடகி. ஆனால் கச்சேரி கேட்டுப் பழகிய நாலைந்து பேரைத் தவிர யாருக்கும் அது எட்டவில்லை. எல்லோரும் பார்த்தது கையை. இந்தப் பகுதியில் ஆடிய பெண் விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் அல்தாச் சிவப்பு இல்லாமல் வந்தாள். அலபத்ம முத்திரையில் விரல்கள் விரியும்போது மற்றவர்கள் கையில் சிவப்பு, அவள் கையில் வெறும் தோல். "அந்த அக்காவுக்கு மட்டும் ஏன் சாயம் இல்ல?" என்று சிறுபிள்ளைகள் சத்தமாகவே கேட்டார்கள்.

கடல்நீரின் அமிலத்தன்மையைக் காட்டத் தம்புராச் சுருதியையே கொஞ்சம் இறக்கலாம் என்று ஒரு யோசனையும் இருந்தது. சுருதி சேரவில்லை என்றுதான் ஊர் பேசும் என்று வயலின்காரர் சொன்னதோடு அது முடிந்தது.

அம்பா

நிகழ்ச்சியின் தொடக்கம் யதுகுலகாம்போதி ராகம். பள்ளிக்கூடத்தில் படித்த திணைப் பட்டியலில் நெய்தலுக்குச் செவ்வழிப் பண். தேவாரத்தில் செவ்வழி இன்று பாடப்படுவது யதுகுலகாம்போதியில். இதுவரை எல்லாம் புத்தகம். கடலோரத்தில் உயிரோடு இருக்கும் பாட்டு ஒன்று வேண்டும் என்று தொண்டிப் பக்கத்திலிருந்து கரைவலை இழுத்துப் பழகிய பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு தெரிந்தவர். எஞ்சின் வந்த பிறகு பாட்டுக்கு வேலை குறைந்துவிட்டது என்றார்.

ஒத்திகை பார்த்ததும் அவர் முதலில் சொன்னது பாட்டைப் பற்றி இல்லை. பிள்ளைகள் கயிறு இழுப்பதாக அபிநயம் செய்ததைப் பார்த்து, "டீச்சரம்மா, இவுக மோர் கடையிறாக" என்றார். எழுந்து காட்டினார். கை கயிற்றைப் பிடித்திருக்கிறது, அவ்வளவே. இழுப்பது இடுப்பு. உடம்பு பின்னால் சாய்ந்து, குதிகால் மணலில் புதைந்து, பின்பக்கமாகவே நடக்க வேண்டும். ஏலேலோ என்று ஒருவர் எடுத்துவிட, மற்றவர்கள் வாங்கிப் பாடும்போதுதான் இழுப்பு. எடுத்துவிடும்போது மூச்சு. இதைப் புரிந்துகொண்ட பிறகு நடனமே மாறியது. முகத்தைப் பார்வையாளருக்குக் காட்டி ஆடும் பழக்கத்தை விட்டு, முதுகைக் காட்டிப் பின்னால் நடந்தே முற்றத்துக்குள் வந்தார்கள்.

பெரியவருக்கு வித்வான்களுக்குக் கொடுத்த அதே சம்பளம், அதே ஜமுக்காளம், அறிவிப்பில் முதல் பெயர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கடலோர மக்களின் பாட்டை எடுத்து மேடையில் நிறத்துக்குத் தூவிவிட்டுப் போகும் நிகழ்ச்சிகளை நிறையப் பார்த்தாயிற்று.

கடற்புல்லையும் ஆவுளியா என்கிற கடற்பசுவையும் பற்றி ஒரு சின்னப் பகுதி உண்டு, குழந்தைகள் ஆடியது. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆட்டம் அழகாக இருந்தது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

புயல்

அதிகக் கைதட்டல் வாங்கிய பகுதி புயல். என் கணக்கில் தோற்றதும் அதுதான்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா, புதுக்கோட்டை வழியாக உள்நாட்டுக்குள் வந்து இந்தப் பக்கத்து மரங்களையும் சாய்த்தது. அந்த நினைவில் தவிலும் நாகஸ்வரமும் வைத்து அமைத்தார்கள். தவில் தொடங்கியதும் வளவே அதிர்ந்தது. எட்டுப் பெண்கள் சுழன்றார்கள், கூந்தல் பறந்தது, விசில் வந்தது. சிக்கல் அங்கேயே இருக்கிறது. புயல் மேடைக்கு ஏற்றது: வேகம், ஓசை, முடிவு எல்லாம் உண்டு. எப்போது போட்டாலும் எடுபடும். எதையும் கேட்க வைக்காது.

ஒரு தனிப் புயலைக் காட்டி இது காலநிலை மாற்றத்தால் வந்தது என்று நேராகச் சொல்லிவிடவும் முடியாது. சூடான கடல் புயலுக்குத் தீனி போடுகிறது என்பதுவரை சொல்லலாம். ஆட்டத்தில் அந்த நிதானத்துக்கு இடமில்லை. இன்னொன்றையும் பார்த்தேன். ஆலங்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், கஜாவில் தென்னந்தோப்பைப் பறிகொடுத்தவர்கள், அந்தப் பகுதி முழுவதும் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த முறை புயலைக் குறைப்பது என்று பேசியிருக்கிறோம். தவில்காரர்களிடம் யார் சொல்வது என்பது இன்னும் முடிவாகவில்லை.

செலவும் அடுத்த இடமும்

நேரடி இசைக்கு ஆன செலவுதான் மொத்தத்தில் பெரும்பங்கு. கூட்டு ஒத்திகைக்கு வித்வான்களை மறுபடி மறுபடி வரவழைப்பது சின்னப் பள்ளிக்குத் தாங்கக்கூடியது இல்லை. வீட்டுக்காரர்கள் இடத்துக்குப் பணம் வாங்கவில்லை, வந்தவர்களுக்குக் கந்தரப்பமும் காபியும் அவர்கள் செலவு. உடை செலவைக் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைகளை இரவல் வாங்கியே சமாளித்தார்கள். இப்படி ஒரு வீடும் ஒரு ஊரும் தூக்கிவிடாவிட்டால் இதைச் செய்திருக்க முடியாது. இதைப் பார்த்து வேறு ஊரில் செய்ய நினைப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்வது நல்லது.

அம்பாப் பெரியவரின் ஊர்க்காரர்கள் தொண்டிக் கரையில் ஆடச் சொல்கிறார்கள். ஜதி அங்கேயும் நடக்கும். ஐந்து பேர் விரியும் ஆட்டத்துக்கு மணல் கருங்கல்லைவிட நல்லது. ஜலதரங்கம்தான் நடக்காது. கடற்காற்றில் கிண்ணம் பேசாது, ஆச்சியின் பீங்கானைப் பஸ்ஸில் ஏற்றவும் யாருக்கும் தைரியமில்லை. கடத்தை வைத்துப் பார்க்கலாம் என்கிறார் மிருதங்க அண்ணன். மானாமதுரையில் ஒன்றுக்குச் சொல்லியும் வைத்திருக்கிறார். கடத்துக்குள் நீர் ஏறினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து, வாய்ப்பக்கத்து கும்மென்ற ஒலி மேலே போகும். கிண்ணத்தில் இறங்கியது கடத்தில் ஏறப்போகிறது. சிவரஞ்சனிக்கு அங்கே வழியில்லை என்பதால், அந்தப் பகுதியை முதலிலிருந்து அமைக்க வேண்டும்.